அந்த 69 ஜிபியை நான் எடுக்கவில்லை

"என்ன தம்பி, 1 டிபி என்று சொல்லிக் கொடுத்தாய், 931 ஜிபிதான் காட்டுது?" மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினிக் கடை வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்விதான். ஆனால் போன வாரம் வந்தவர், பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டேன் என்று கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதைக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனார். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

டிஸ்க்கில் ஒன்றும் குறையவில்லை. 1 டிபி என்றால் 1,000 ஜிபி, அதாவது ஒரு லட்சம் கோடி பைட். அத்தனையும் உள்ளே இருக்கிறது. தயாரிப்பாளர் 1,000 கணக்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணுகிறது. ஒரு லட்சம் கோடியை மூன்று தடவை 1,024ஆல் வகுத்துப் பாருங்கள், 931 வரும். அதே கணக்கில் 500 ஜிபி 465 ஆகும், 64 ஜிபி பென்டிரைவ் 59 சொச்சம் ஆகும். சந்தையில் ஒரே மீனைக் காத்தி என்ற பழைய எடையில் நிறுத்தால் ஒரு எண், கிலோவில் நிறுத்தால் வேறு எண். மீன் இளைத்துவிட்டதா என்ன? அதே டிஸ்க்கை மேக் கணினியில் செருகினால் 1 டிபி என்றே காட்டும், ஏனென்றால் ஆப்பிள் 2009இலேயே 1,000 கணக்குக்கு மாறிவிட்டது. ஒருவருக்கு இதைச் செருகியே காட்டினேன். "அப்போ விண்டோஸ்தான் திருடுதா?" என்றார்!

தயவுசெய்து அந்த 69 ஜிபியை மீட்கிறேன் என்று திரும்பத் திரும்ப ஃபார்மெட் போடாதீர்கள். வராது. விண்டோஸ் கெட்டால் மீட்பதற்காக லேப்டாப்பில் தனியாக ஒதுக்கியிருக்கும் ரெக்கவரி பகுதியையும் அழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். கைப்பேசியில் இன்னும் அதிகமாகக் குறைவது, ஆண்ட்ராய்டும் கூடவே வரும் செயலிகளும் பிடித்துக்கொள்ளும் இடம்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், நேர்மையான 931க்குச் சண்டை போடுகிறவர்களே பாசார் மாலாம் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் 30 வெள்ளிக்கு '2 டிபி' பென்டிரைவைச் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். அதில் பெரும்பாலும் 16, 32 ஜிபி சில்லுதான் இருக்கும். கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி உள்ளே மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகும் காப்பி ஆகிக்கொண்டேதான் இருக்கும், எந்தப் பிழையும் காட்டாது. கல்யாண வீடியோ ஒன்று இப்படித்தான் என் மேசைக்கு வந்தது. கோப்புகளின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கிறது. முகூர்த்தம் வரை ஓடுகிறது, விருந்து முழுக்கத் திறக்கவே மாட்டேன் என்கிறது. எழுதப்படாததை நான் எங்கிருந்து எடுத்துத் தருவது?

நம்ப முடியாத விலை என்றால் நம்பாதீர்கள். புதிதாக வாங்கியதை எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சோதியுங்கள். பெரிய டிரைவுக்கு ஒரு ராத்திரியே ஆகும், ஆகட்டும். ஏற்கெனவே கோப்புகள் போட்டு வைத்திருக்கும் டிரைவ் போலி என்று தெரிந்தால் அதில் மேற்கொண்டு எதையும் போடாதீர்கள், பழையதாவது தப்பும். ரசீதையும் விளம்பரப் படத்தையும் வைத்துக்கொண்டு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான்.

அப்புறம் ஒன்று. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்தரம் ஏழு மணிக்கு வந்து "செக் பண்ணிக் கொடுங்க அண்ணே" என்றால் என்னால் முடியாது. இரண்டு நாள் முன்னாடியே கொண்டு வாருங்கள்.