முன் டயரின் உள்விளிம்பையும் கொஞ்சம் பாருங்கள்

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஜூன் காலையில், குன்னூரில் உள்ள என் வீல் அலைன்மென்ட் கடைக்கு ஒரு தம்பி டர்போ ஹேட்ச்பேக்கோடு வந்தார். "வண்டி வலப்பக்கமா இழுக்குதுங்கண்ணா, பேலன்சிங் பார்த்து விடுங்க" என்றார். வெளியிலிருந்து பார்க்க டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. லிஃப்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. அந்த டயரோடுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக மலையேறி வந்திருக்கிறார்.

விசாரித்தால், மூன்று மாதத்துக்கு முன் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே, அதாவது சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்காக எங்கோ ஓரிடத்தில் முன் கேம்பரை, அதாவது முன்சக்கரங்களின் சாய்வை, மூன்று டிகிரி நெகட்டிவ் வைத்திருக்கிறார். ஓட்டி முடித்து அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

டிராக்குக்கு அது தப்பான வேலை இல்லை. காரை நேர் எதிரே நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். வேகமாகத் திரும்பும்போது பாடி வெளிப்பக்கம் சரியும்; அதோடு சேர்ந்து வெளிச் சக்கரமும் வெளியே சாய்ந்து, டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும். நம் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற வகை சஸ்பென்ஷன். அது அமுங்கும்போது இந்தச் சாய்வை ஈடுகட்டும் அளவுக்கு கேம்பர் கூடுவதில்லை. ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்தினால் இன்னும் மோசம். அதனால் முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் டயர் முழு அகலத்தில் பதியும். முன்சக்கர டிரைவ் வண்டி மூக்கை வெளியே தள்ளுவதும் குறையும்.

எவ்வளவு சாய்ப்பது என்பதை நெட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாலைந்து சுற்று ஓட்டி பிட்டுக்குள் வந்ததும் ஊசி வைத்த தெர்மாமீட்டரால் டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் சூடு பாருங்கள். உள்பக்கம் ஐந்து முதல் பத்து டிகிரி வரை கூடுதலாக இருந்தால் சரி. அதற்கும் மேலே போனால் கேம்பர் அதிகம். வெளிப்பக்கம் சூடாக இருந்தால் இன்னும் சாய்க்கலாம்.

சரி, அந்த வண்டிக்கு வருவோம். மெஷினில் ஏற்றினேன். இடது முன்சக்கரம் மைனஸ் 3.1, வலது மைனஸ் 2.0. சாய்வு வைக்க இந்த வண்டியில் போட்டிருந்தது கேம்பர் போல்ட். ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் பிணைக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே போடும் எக்சென்ட்ரிக் போல்ட் அது; திருப்பினால் சக்கரத்தின் சாய்வு மாறும். கம்பெனி போல்ட்டைவிட ஒல்லி. டார்க் ரென்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு இறுக்காவிட்டால் வளைவின் விசையில் நழுவும். இங்கே வலது பக்கம் நழுவியிருந்தது. நெகட்டிவ் குறைந்த பக்கமாகத்தான் வண்டி இழுக்கும்.

ஆனால் டயரைத் தின்றது கேம்பர் மட்டும் இல்லை, டோவும்தான். மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவுதான் டோ. கேம்பரைத் தொட்டால் டோவும் கூடவே மாறும். போல்ட்டைத் திருப்பியவர், டோவைச் சரிசெய்யும் டை ராடைத் தொடவே இல்லை. என் அனுபவத்தில் "கேம்பர் வெச்சதால டயர் போச்சு" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

மலை ரோட்டில் இந்தச் சாய்வால் லாபமே இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒழுங்காக ஓட்டினால் இரண்டாம் கியரைத் தாண்டமாட்டோம். பாடி சரியவே சரியாது. நமக்கு இங்கே வேண்டியது ஈர ரோட்டில், இறக்கத்தில், நேராகப் பிரேக் பிடிக்கும்போது டயர் முழுசாகப் பதிவது. மூன்று டிகிரியில் நிற்கும் டயர் உள் ஓரத்தைத்தான் அழுத்திக்கொண்டிருக்கும். இங்கேயே ஓடும் வண்டிக்கு ஒரு டிகிரி, மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் நான் வைத்துத் தருவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இன்னொன்று, வீட்டு வாசலில் ஃபோன் ஆப் வைத்து கேம்பர் பார்க்கிறார்கள். நீலகிரியில் சமமான வாசல் யார் வீட்டில் இருக்கிறது? தரை ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் அளவும் ஒரு டிகிரி பொய். வேறு வழியில்லை என்றால் ஒருமுறை அளந்துவிட்டு, வண்டியைத் திருப்பி அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளந்து சராசரி எடுங்கள்.

அந்தத் தம்பி இரண்டு புது டயர் வாங்கினார். மைனஸ் ஒன்றில் வைத்து, டோவைச் சரிசெய்து, போல்ட் தலையில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டேன். "அடுத்த டிராக் டேக்கு நானே மாத்திக்கலாங்களாண்ணா?" என்றார். அந்த அளவுக்கும் ஒருமுறை மெஷினில் வைத்துப் பார்த்து மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தேன். கோட்டுக்குக் கோடு போகும்போது டை ராடை எந்தப் பக்கம், எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்று எழுதிய சீட்டு இப்போது அவர் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது.