மழை வந்தால் கரி அடுப்பை கராஜுக்குள் தள்ளாதீர்கள்

கோடைக்கால ஞாயிறு இரவு. அவசரப் பிரிவுக்கு ஒருவர் தன் மனைவியையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்தார். மூன்று பேருக்கும் தலைவலி, குமட்டல். மாமியார் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். நான் தமிழில் பேசியதும் கணவர் கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து நீட்டினார். "சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க. அஞ்சு மணி நேரத்துக்கு மேல வெந்திருக்கு. உள்ளே இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. பன்றிக்கறி சரியா வேகலைன்னு நினைக்கிறேன்."

டப்பாவில் பன்றி விலா ஒரு துண்டு, ரிப்ஸ். மேலே கருஞ்சிவப்பாக மொறுமொறுப்பான பொருக்கு. கடித்த இடத்தில், பொருக்குக்குக் கீழே கால் அங்குலத்துக்கு ரோஜா நிற வளையம். அதற்கும் உள்ளே வெளிர் பழுப்பு. எலும்பின் நுனியிலிருந்து கறி நன்றாகச் சுருங்கி விலகியிருந்தது. பிரமாதமாக வெந்த கறி அது.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில். பன்றி விலாவை நீள்சதுரமாகச் சீர்செய்து விற்கும் வெட்டுக்கே இந்த ஊர்ப் பெயர்தான். என் வீட்டுப் பின்பக்கமும் ஒரு கெட்டில் கிரில், அதாவது மூடியுள்ள உருண்டையான கரி அடுப்பு, இருக்கிறது. அதனால் கறியைப் பற்றிக் கேட்காமல் அடுப்பைப் பற்றிக் கேட்டேன். "எங்கே வச்சுச் சமைச்சீங்க?"

"பின்பக்கம்தான். நடுவுல மழை பிடிச்சுது, கராஜுக்குள்ள தள்ளிட்டோம். கதவைப் பாதி திறந்துதான் வச்சிருந்தோம்."

கரி எரியும்போது வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் வீட்டில் இருந்ததாம். அது அலறியும் இருக்கிறது. பார்பிக்யூ புகைக்குத்தான் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் மூவருக்கும் 98, 99 என்று காட்டியது. இந்த எண்ணை நம்பித்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தக் கருவி இரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்போதும் இரத்தம் செக்கச்செவேலென்றுதான் இருக்கும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரத்தத்தை எடுத்துத் தனியாகப் பரிசோதித்தபோது மாமியாரின் ஹீமோகுளோபினில் 22 சதவீதத்தை கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. புகைபிடிக்காதவர்களுக்கு இது 2, 3 சதவீதத்தைத் தாண்டாது.

அவர் காட்டிய அந்த ரோஜா வளையத்துக்கு வருவோம். கரியும் விறகும் எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வரும் நிறம் அது. எவ்வளவு வெந்தாலும் போகாது. புகையில் வேகவைப்பவர்கள் பெருமையாகப் படம் எடுத்துப் போடும் வளையமே அதுதான். கறிக்குச் சிவப்பைக் கொடுத்த வாயுவில் ஒன்றுதான் மாமியாரின் இரத்தத்திலும் உட்கார்ந்திருந்தது. கறி வெந்ததா, இரத்தத்தில் விஷம் ஏறியதா, இரண்டையும் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கறிக்குத் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். பன்றிக்கறி முழுத் துண்டாக இருந்தால் 145 டிகிரி ஃபாரன்ஹீட்டும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அமெரிக்க விவசாயத் துறை 2011-லேயே சொல்லிவிட்டது. ரிப்ஸ் மெத்தென்று ஆவதற்கு நாம் எப்படியும் 195, 200 வரை கொண்டுபோகிறோம். வேகாத கறி என்ற பயம் அங்கே தேவையே இல்லை.

இந்தச் சமையல் ஏன் மற்ற கிரில் சமையலைவிட எனக்குக் கவலை தருகிறது என்பதைச் சொல்ல, அடுப்பு மூட்டும் விதத்தையே சொல்ல வேண்டும். விலாவின் எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வின் ஓரத்தைக் கத்தி நுனியால் கிளப்பி, வழுக்காமல் இருக்கக் காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் ஒரே தாளாக உரிந்து வரும். மசாலாவைத் தடவி வைத்துவிட்டு அடுப்புக்கு வாருங்கள். 22 அங்குலக் கெட்டிலின் உட்சுவரை ஒட்டி, கரிக்கட்டிகளை இரண்டு பக்கம் பக்கமாகவும் அவற்றின் மேல் இரண்டுமாகப் பாம்பு போல முக்கால் வட்டத்துக்கு அடுக்குவோம். மேலே ஹிக்கரி அல்லது ஆப்பிள் மரத்துண்டுகள் நாலைந்து. நடுவில் தண்ணீர்த் தட்டு. ஒரு முனையில் மட்டும் எட்டுப் பத்துக் கங்கு. மூடியின் துளை முழுக்கத் திறந்திருக்கும், அடித்துளை கிட்டத்தட்ட மூடியிருக்கும். நெருப்பு ஊதுபத்தி மாதிரி மெல்ல நகர்ந்துகொண்டே போகும். 225 முதல் 250 டிகிரிக்குள் (107 முதல் 121 செல்சியஸ்) ஐந்தாறு மணி நேரம் நிற்கும்.

அடித்துளையை மூடி நெருப்பை அடக்குவதில்தான் ருசி இருக்கிறது. ஆபத்தும் அதில்தான். காற்று குறைந்தால் கரி முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடு கூடுதலாக வரும், அதுவும் மணிக்கணக்காக. முதலில் வரும் வெள்ளைப் புகை அடங்கி மெல்லிய நீலப்புகை வந்தால் கறிக்கு நல்லது என்போம். சரிதான், ஆனால் அந்த நேரத்தில் கண்ணும் எரியாது, மூக்கும் உறுத்தாது. அதனால் கராஜில் நிற்பவருக்குச் சந்தேகமே வராது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைப் பாதி திறந்து வைத்தாலும், வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்கு வழியாக மாடிவரை போய்விடும்.

சமைத்து முடித்த பிறகும் இதே கதைதான். எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டோம், அணைந்துவிட்டது என்று ராத்திரி அடுப்பை உள்ளே எடுத்து வைப்பவர்கள் உண்டு. நீறு பூத்த நெருப்பு என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். கொடைக்கானலில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அதே வாயுதான்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால், காய்ச்சலும் இல்லையென்றால், சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு அமெரிக்காவின் அவசர எண் 911-ஐ அழையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்காராதீர்கள். மருத்துவமனையில் "கரி அடுப்பு எரிந்தது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்; சொன்னால்தான் அந்தப் பரிசோதனையை உடனே செய்வோம். வெறும் காற்றில் இந்த வாயுவின் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணியில் குறையும். கர்ப்பிணி இருந்தால், அவருக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் கட்டாயம் அழைத்து வாருங்கள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு அதிகம்.

சரி, மழை வந்தால் என்ன செய்வது? 1952-இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் செய்த மிதவையைப் பாதியாக வெட்டி இந்தக் கெட்டிலைச் செய்ததே காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கத்தான். மூடி இருக்கிறதே. நனையட்டும், விட்டுவிடுங்கள். வெப்பம் இறங்கினால் அடித்துளையை ஒரு விரல் அகலம் கூடத் திறந்தால் போதும். இடி மின்னல் என்றால் அங்கே நிற்காதீர்கள். மூன்று மணி நேரத்தில் புகை பிடிக்க வேண்டிய அளவு பிடித்திருக்கும். கறியை மட்டும் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி உள்ளே எடுத்து வந்து, சமையலறை ஓவனில் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இடுக்கியால் நடுவில் தூக்கினால் வளைந்து மேல்பொருக்கு லேசாக விரிசல் விடும், அது பதம். அடுப்பு துளையடைத்து வெளியிலேயே நிற்கட்டும். சாம்பலை இரண்டு நாள் கழித்து மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளிக்கொள்ளலாம்.