1780-ஐத் தாண்டாத வெள்ளிக்காசு

ஆஸ்திரியாவின் வியன்னாவைத் தலைநகராகக் கொண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசை ஆண்ட மரியா தெரேசா 1780 நவம்பரில் இறந்துபோனார். ஆனால் அவர் முகம் பதித்த தாலர் என்ற வெள்ளிக்காசை அதற்கப்புறமும் அடித்துக்கொண்டே இருந்தார்கள், எந்த வருடம் அடித்தாலும் காசில் 1780 என்றுதான் போடுவார்கள். வியன்னாவில் மட்டும் இல்லை, பிற்பாடு ரோம், லண்டன், பம்பாய் வரைக்கும் அடித்தார்கள். ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் காபிக்கொட்டை விற்றவர்கள் கேட்டது இந்தக் காசைத்தான், ஆண்டையோ முகத்தையோ மாற்றினால் சந்தேகப்பட்டுவிடுவார்கள்.

தராசும் உரைகல்லும் இல்லாமலே கையால் சோதித்துவிடலாம் என்பதுதான் இதன் பலம். எடை சுமார் 28 கிராம், ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி செம்பு. செம்பு கலந்தால் மாற்றுக் குறைவு என்று நினைப்போம், ஆனால் சுத்த வெள்ளி ரொம்ப மென்மை, அதன் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சுலபமாக வழுக்கிவிடும். செம்பு அணு வெள்ளியைவிடச் சிறியது. அது நடுவில் புகுந்தால் அடுக்கு கோணலாகி வழுக்குவது தடைபடும். இவ்வளவு செம்பு கெட்டியான வெள்ளியில் முழுவதும் கரையாது என்பதால், உருக்கி ஆறவைக்கும்போது வெள்ளியின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையில் செம்பு மிகுந்த துணுக்குகள் தனியாகப் பிரிந்து நிற்கும், அவையும் காசைக் கெட்டிப்படுத்தும். அதனால்தான் பல கை மாறினாலும் சட்டென்று தேய்ந்துவிடாது.

சரி, தேயாத காசை யாராவது சுரண்டினால்? ஒரு காசில் ஒரு கிராம் என்று விளிம்பைச் சீவினால் 28 காசிலிருந்து இன்னொரு காசுக்கான உலோகம் கிடைத்துவிடும், பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. அந்தத் திருட்டைத்தான் விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகள் காட்டிக்கொடுக்கின்றன: லத்தீனில் 'நீதியும் கருணையும்'. லத்தீன் படிக்கத் தெரியவேண்டியதே இல்லை, கட்டைவிரலை ஓட்டினாலே போதும், எங்கே மழுங்கலாக இருக்கிறதோ அங்கே கை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது முத்துகள். அரசியின் தோளில் இருக்கும் அணி ஊசியைச் சுற்றிக் குட்டிக்குட்டி முத்துகள், வியாபாரிகள் அவற்றை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்துத்தான் காசை வாங்கினார்களாம். நல்ல காசிலிருந்து களிமண்ணில் அச்செடுத்து வார்க்கும் கள்ளக் காசில் இத்தனை சின்னப் புடைப்புகள் கூர்மையாக விழாது, ஆறும்போது உலோகம் சுருங்கி முத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக் 1890-களில் தன் முகம் போட்ட காசை அடித்துப் பார்த்தார். ஜனங்கள் கேட்டதென்னவோ பழைய தாலரைத்தான்.