'கிவ் அப்': ஒரு கோட்டைச் சொல்லின் கதை

1139இல் இங்கிலாந்து மன்னர் ஸ்டீஃபன், சாலிஸ்பரி பிஷப் ரோஜரையும் லிங்கன் பிஷப் அலெக்சாண்டரையும் ஆக்ஸ்ஃபோர்டில் பிடித்து அடைத்தார். தங்கள் கோட்டைகளை ஒப்படைக்கும்வரை அவர்களை விடவில்லை. 1150களில் இதை ஏட்டில் எழுதிவைத்த பீட்டர்பரோ மடத்துத் துறவி, 'ஒப்படைத்தார்கள்' என்பதற்கு 'யாஃபன் அப்' என்று எழுதினார். 'கிவ் அப்' என்ற சேர்க்கை எழுத்தில் தென்படும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. சிகரெட்டை விடுவதற்கும் முயற்சியைக் கைவிடுவதற்கும் இன்று பயன்படும் சொல், அன்று கோட்டைச் சாவியைக் கைமாற்றும் சொல்லாக இருந்தது.

'யாஃபன்' என்ற அந்த யகரத்தைக் கவனியுங்கள். 'கொடு' என்பதற்கான பழைய ஆங்கில வினை யகர ஒலியில்தான் தொடங்கியது. இன்று நாம் கேட்கும் ககரம், இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டினேவியர்களின் பேச்சிலிருந்து வந்தது. அவர்களிடம் 'கெஃபா உப்' என்ற சேர்க்கையும் இருந்தது, ஏறக்குறைய இதே பொருளில்.

அதற்கு முந்தைய ஆங்கிலத்தில் 'அப்' செய்யும் இந்த வேலையை முன்னொட்டுகள் செய்தன. 'கொடு' என்ற வினைக்கு முன்னால் 'ஆஃப்' சேர்ந்தால் 'விட்டு நீங்கு' என்று பொருள். நாளடைவில் அந்த முன்னொட்டுகள் தேய்ந்தன. 'அப்', 'அவுட்' போன்ற சிறு சொற்கள் வினைக்குப் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்தன. ஃப்ரேசல் வெர்ப் என்று இன்று மாணவர்களைத் திணறடிக்கும் அமைப்பு பெருகிய வழி இதுதான். ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் அகராதி வடிவில் இன்றும் 'அவுஃப்கேபன்' என்று முன்னாலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது; வாக்கியத்தில் அது பிரிந்து பின்னாலும் போகும்.

சரி, 'அப்' என்றால் மேலே. விடுவதில் மேலே எங்கிருந்து வந்தது? இத்தகைய சேர்க்கைகள் பலவற்றில் 'அப்' திசையைக் காட்டுவதில்லை, செயல் முற்றிலும் முடிந்ததைக் காட்டுகிறது. 'ஈட் அப்' என்றால் மிச்சமின்றித் தின்பது. நாம் 'சாப்பிட்டுவிட்டான்' என்கிறோமே, அதில் வரும் 'விடு' எதையும் விடுவதில்லை. முடிந்தது என்று மட்டும் சொல்கிறது. அதே மாதிரி வேலைதான்.

1066க்குப் பிறகு நார்மன் ஆட்சியோடு பிரெஞ்சு வந்தது, பின்னர் லத்தீனும் நிறையவே கலந்தது. இதனால் 'கிவ் அப்'புக்கு உறவுச்சொற்கள் குவிந்தன. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம் என்று அகராதியை நம்பி எழுதுவது தவறு என்பேன். 'சரண்டர்' பிரெஞ்சிலிருந்து சட்டமொழி வழியாக வந்தது. எதிரில் வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். 'ரெலின்குவிஷ்' லத்தீனில் 'பின்னால் விட்டுச்செல்'. பதவிக்கும் உரிமைக்கும் பொருந்தும். 'க்விட்' பிரெஞ்சில் கடன் தீர்ந்து விடுபட்ட நிலையைக் குறித்த சொல்லோடு தொடர்புடையது.

எனக்கு மிகப் பிடித்தது 'ரினவுன்ஸ்'. அதன் லத்தீன் வேரில் 'அறிவி' என்ற பொருள் இருக்கிறது. 1936 டிசம்பர் 10 அன்று எட்டாம் எட்வர்ட் கையெழுத்திட்ட முடிதுறப்புப் பத்திரத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. அரியணையைச் சத்தமில்லாமல் விட முடியாது, நாடறியச் சொல்லியாக வேண்டும். சிகரெட்டை யாரிடமும் சொல்லாமலே விட்டுவிடலாம்; அதற்கு 'கிவ் அப்' போதும்.