சொந்த ஊர் எது என்று கண் டாக்டர் ஏன் கேட்கிறார்?

போன ஆகஸ்டில் ஒருநாள். தாராவி தொண்ணூறடி ரோட்டில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார். "மெட்ராஸ் ஐதான் டாக்டரம்மா. பத்து நாளாச்சு. மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன், கேக்கல."

மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், கண் ஒட்டிக்கொள்ளும். இவருக்குப் பீளையே இல்லை. வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்க முடியவில்லை. சிவப்பு, கருவிழியைச் சுற்றி வளையம் கட்டியிருந்தது. பார்வையும் மங்கல்.

கண்ணின் உள்ளே பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் உட்கார வைத்துப் பார்த்தேன். ஓட்டுக்கூரை இடுக்கில் விழும் வெயிலில் தூசி மிதக்குமே, அந்த மாதிரி கருவிழிக்குப் பின்னால் இருக்கும் தெளிந்த நீரில் அணுக்கள் மிதந்துகொண்டிருந்தன. அடியில் மெல்லிய கோடாக வெள்ளைச் சீழ். கண்ணின் நடுப்படலம் அழன்றுபோயிருக்கிறது. இதைத்தான் யுவைட்டிஸ் என்கிறோம்.

"அண்ணாச்சி, சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?"

"ஜூலையில வந்துச்சு. கெண்டைக்கால் சதை பிச்சு எடுத்துருச்சு."

"அதுக்கு முன்னால மழைத்தண்ணியில நின்னீங்களா?"

"கடைக்குள்ளயே முட்டளவு தண்ணி நின்னுச்சும்மா!"

எலிக்காய்ச்சல். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகக்கூட உடம்புக்குள் போய்விடும். காய்ச்சல் விட்டு வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துக் கண்ணில் வேலையைக் காட்டும். அதனால் அந்தக் காய்ச்சலையும் இந்தக் கண்ணையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மதுரைப் பக்கம் 1993 கடைசியில் பெருவெள்ளம் வந்தது. அதன் பிறகுதான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இதே மாதிரிக் கண்களோடு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். மும்பையில் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியதும் இங்கேயும் எலிக்காய்ச்சல் பரவியது. மழைத்தண்ணீரில் நடந்தவர்கள் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது கண்ணுக்கும் சேர்த்துத்தான் நல்லது.

யுவைட்டிஸ் எல்லா நாட்டிலும் உண்டு. காரணம்தான் ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பாவில் திடீரென்று கண்ணின் முன்பக்கம் அழன்று வருகிறவர்களில் சுமார் பாதிப் பேருக்கு எச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருக்கும். காலையில் எழுந்ததும் முதுகு விறைக்கிறது என்று சொல்லும் இளைஞர்கள் இந்த வகை. இவர்கள் நம்மிடமும் உண்டு. துருக்கியிலிருந்து ஜப்பான் வரை, பழைய பட்டுப்பாதை போன வழியெல்லாம் பெசெட் நோய் அதிகம். அதில் வாய்ப்புண் திரும்பத் திரும்ப வரும். தெற்கு பிரேசிலில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. நேபாளத்தில் மழைக்காலம் முடிந்ததும் குழந்தைகளின் கண்ணை ஓரிரு நாளில் பாழாக்கும் ஒரு வகை உண்டு. வெள்ளை அந்துப்பூச்சிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கிறார்கள்.

நமக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது காசநோய். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், இருமலே இருக்காது, ஆனாலும் கண்ணில் இருக்கலாம். "வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா" என்று நான் கேட்டால் பலர் முகம் சுருங்கிவிடுகிறது. தயவுசெய்து மறைக்காதீர்கள். டிபி இருப்பது தெரியாமல் வெறும் ஸ்டீராய்டு கொடுத்தால், முதலில் சரியானதுபோல் தெரிந்து, பிறகு மோசமாகத் திரும்பி வரும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து விஷயத்தில்தான். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். சிவப்பு இரண்டே நாளில் குறையும், உள்ளே நோய் ஓடிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். அதே மருந்தை நாங்களும் எழுதுகிறோம். ஆனால் காரணம் பார்த்து, படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவோம். கூடவே கண் பாப்பாவை, அதாவது கருவிழி நடுவில் தெரியும் துளையை, விரிக்கும் மருந்தும் தருவோம். இல்லாவிட்டால் அது பின்னால் உள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். அண்ணாச்சி சொன்னபடி போட்டார், பார்வை திரும்பிவிட்டது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வந்த ஒரு பையனையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் அரிசிநொய் போல ஒரு வெள்ளைக் கட்டி. மே லீவில் ஊருக்குப் போய் தினமும் குளத்தில் குதித்திருக்கிறான். தென் தமிழ்நாட்டுக் கிராமக் குழந்தைகளிடம் இப்படி வருவது தெரிந்த விஷயம்தான். நத்தையில் வளரும் ஒட்டுண்ணிப் புழுதான் காரணம். மும்பைக் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு அது தோன்றியே இருக்காது.

"அப்ப அடுத்த வருஷம் ஊருக்கே போகக் கூடாதா டாக்டர்?" என்றார் அவன் அம்மா.

"தாராளமா போங்கக்கா. குளம் மட்டும் வேண்டாம். பம்புசெட்டுல குளிக்கட்டும்."

பம்புசெட் என்றதும்தான் பையன் முகத்தில் சிரிப்பு வந்தது.