இடைநீக்கம் அல்ல, வில்லமைப்பு

'முன்பக்கக் கார்பன் இடைநீக்கம் மேம்படுத்தப்பட்டுள்ளது.' மோட்டோஜிபி பந்தய பைக் ஒன்றைப் பற்றிய தமிழ்க் குறிப்பில் போன வாரம் படித்த வரி. இப்படிப் பார்ப்பது இது எத்தனையாவது தடவையோ! இடைநீக்கம் என்றால் அலுவலரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆங்கிலத்தில் பணியிலிருந்து நிறுத்திவைப்பதற்கும், சக்கரத்தின் அதிர்வை வாங்கும் அமைப்புக்கும் சஸ்பென்ஷன் என்ற ஒரே சொல். அது லத்தீன் வழி வந்தது. தொங்கவிடுதல் என்று பொருள். பழைய ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் ஆள் உட்காரும் கூண்டைத் தோல்வாரில் தொங்கவிட்டார்கள். வார் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இது தெரிந்தவர்கள் 'தொங்கல் அமைப்பு' என்கிறார்கள். அகராதிப்படி சரி. ஆனால் பைக்கில் எது தொங்குகிறது? ஃபோர்க் நிற்கிறது, வண்டி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் அமுங்குகிறது, விட்டால் எழுகிறது. தொங்கல் என்ற சொல்லில் இதில் எதுவுமே கண்ணுக்கு வராது. பொருளைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லை மட்டும் பெயர்ப்பதால் வரும் கோளாறு இது. ஆங்கிலேயன் எந்த வண்டியைப் பார்த்துப் பெயர் வைத்தானோ, அதே வண்டியில் நாமும் ஏற வேண்டுமா?

நம் ஊரிலேயே வண்டி இருந்தது. அச்சுக்கு மேல் பட்டை வில் வைத்த மாட்டு வண்டியை வில்வண்டி என்றார்கள். சுருள்வில் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அதனால் வில்லமைப்பு என்பேன். எண்ணெய் ஊற்றிய தணிப்பான் (டாம்பர்) இந்தப் பெயரில் வரவில்லையே என்று கேட்கலாம். வில்லின் துள்ளலை அடக்கத்தானே தணிப்பான்? பெயர் வில்லுக்கே போகட்டும்.

அப்புறம் கார்பன் ஃபைபர். 'கரிம இழை' வேண்டாம். கரிம வேதியியல் வந்த பிறகு கரிமம் என்பதன் எல்லை விரிந்துவிட்டது, பருத்தி நூலும் கரிம இழைதான். கரியிழை போதும். செயற்கை இழையைக் காற்றுப் படாமல் 1000 டிகிரிக்கு மேல் சுட்டுக் கரியாக்கித்தான் இதைச் செய்கிறார்கள். லத்தீன் மூலத்துக்கும் கரி என்றே பொருள்.

மோட்டோஜிபியில் ஓலின்ஸ் நிறுவன ஃபோர்க்கின் வெளிக்குழாய்களைக் கரியிழையில் செய்வது எடை குறைக்க மட்டும் அல்ல. இழைகளை எந்தத் திசையில் அடுக்குகிறோம் என்பதை வைத்து எந்தப் பக்கம் விறைக்க வேண்டும், எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று முடிவு செய்யலாம். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலும் அதே கணக்கு. வளைவில் வண்டி 60 டிகிரிக்கு மேல் சாயும்போது, தரையின் மேடுபள்ளம் சக்கரத்தைப் பக்கவாட்டில்தான் அதிகம் தள்ளும். மேலும் கீழும் மட்டும் அசையத் தெரிந்த சுருள்வில்லால் அதை முழுதாக வாங்க முடியாது. மிச்சத்தை அந்தக் கரியிழை ஸ்விங் ஆர்ம்தான் பக்கவாட்டில் மெல்ல வளைந்து வாங்குகிறது. அப்போது அதுவே ஒரு வில். தொங்கல் என்ற சொல் இந்த இடத்துக்கு வந்து சேரவே சேராது.

ஃபோர்க்குக்குக் கவை என்ற நல்ல சொல்லும் இருக்கிறது. முதலில் சொன்ன அந்த வரியை இப்படி எழுதியிருக்கலாம்: 'முன்கவையின் கரியிழைக் குழாய்களை மாற்றியிருக்கிறார்கள்.'