மீசையை முதலில் வளர விடுங்கள்

இந்த மாதத்தில் இப்படி என் சலூனுக்கு வந்தவர்களில் இவன் நான்காவது ஆள். வயது பத்தொன்பது, இருபது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். "அண்ணா, இதே மாதிரி வேணும்." படத்தில் இருந்தவருக்கு எப்படியும் நாற்பது வயது. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. சீப்பைச் செருகினால் விழாமல் நிற்கும், அத்தனை அடர்த்தி. படத்தைப் பார்த்தேன், பையனைப் பார்த்தேன். அவன் மேலுதட்டில் மீசையே இல்லை. மீசை இருக்க வேண்டிய இடம் சிவந்து தடித்து, அங்கங்கே சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளமாக இருந்தது. என்னப்பா இது என்று கேட்டால், மூன்று மாதமாகத் தினம் இரண்டு வேளை ஷேவ் செய்கிறானாம். சோப்புகூடக் கிடையாது, வெறும் தண்ணீர் தொட்டு. "அடிக்கடி எடுத்தா திக்கா வரும்னு சொன்னாங்கண்ணா."

இதைச் சொல்லித் திரிகிற ஆள் யார் என்று இருபத்திரண்டு வருடமாகத் தேடுகிறேன். கிடைத்தால் என் நாற்காலியில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேச வேண்டும்.

ஷேவ் செய்தால் முடி அடர்த்தியாகாது. முடி முளைப்பது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையில். பிளேடு தொடுவது தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற துண்டை மட்டும்தான். அந்தத் துண்டுக்கு உயிர் கிடையாது, நகத்தின் நுனி மாதிரி. மேலே என்ன நடந்தது என்பதே கீழே இருக்கும் வேருக்குத் தெரியாது. நகம் வெட்ட வெட்ட விரலில் இன்னொரு நகமா முளைக்கிறது? முப்பது வருடமாகத் தினம் ஷேவ் செய்கிறவர் ஏறக்குறைய பதினோராயிரம் தடவை பிளேடு போட்டிருப்பார். நீங்கள் சொல்கிற கணக்குப்படி அவர் முகத்தில் இந்நேரம் கம்பி முளைத்திருக்க வேண்டும். மொட்டை போட்டே வழுக்கையைச் சரிசெய்திருக்கலாம், உலகத்தில் விக் வியாபாரமே இருந்திருக்காது.

அப்படியானால் கையில் சொரசொரவென்று படுகிறதே என்பார்கள். படும்தான். தானாக வளர்ந்த முடியின் நுனி ஊசி மாதிரி மெலிந்திருக்கும், அதனால் மெத்தென்று இருக்கும். பிளேடு அதை அதன் தடிமனான இடத்தில் நேராக வெட்டிவிடுகிறது. மொட்டையான அந்த முனை கையில் குத்துகிறது, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. வளரவிட்டால் பழையபடி ஆகிவிடும். முடியின் எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறியிருக்காது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் சில ஆண்களை ஷேவ் செய்யவைத்து, விழுந்த முடியைச் சேகரித்து ஆராய்ந்து, ஷேவ் செய்வதால் முடி தடிக்கவும் இல்லை, வேகமாக வளரவும் இல்லை என்று எழுதிவைத்துவிட்டார். நூறு வருடம் ஆகப்போகிறது. "எனக்கு அப்படித்தான் அடர்த்தியா வந்தது" என்று சிலர் சத்தியம் செய்வார்கள். நீங்கள் ஷேவ் செய்ய ஆரம்பித்த வயதும் மீசை தானாக அடர்த்தியாகிற வயதும் ஒன்றுதான் சார். பிளேடே தொடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

மீசைக்கு அதன் வழி உண்டு. முதலில் உதட்டின் இரண்டு ஓரத்திலும் அரும்பும், பிறகு மெதுவாக நடுவுக்கு வரும். சிலருக்கு இருபதிலேயே முழுதாக வந்துவிடும், சிலருக்கு இருபத்தைந்து தாண்டியும் நடுவில் இடைவெளி இருக்கும். பெரும்பாலும் பரம்பரை. உங்கள் மீசை எப்படி வரப்போகிறது என்று தெரிய வேண்டுமானால் நடிகர் படத்தை விட்டுவிட்டு அப்பா படத்தையும் தாத்தா, மாமா படத்தையும் எடுத்துப் பாருங்கள்.

மீசை வளரட்டும் என்று விளக்கெண்ணெய் தடவினால் முடி பளபளக்கும், அவ்வளவுதான். மினாக்சிடில் என்பது தலைமுடி கொட்டுகிறவர்கள் தலையில் தடவுகிற மருந்து. அதை மேலுதட்டில் தடவலாமா, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், வீடியோ போடுகிறவர் அல்ல. பூனை மீசைக்காரர்கள் வீட்டில் நிஜப் பூனை இருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பூனைக்கு அந்த மருந்து விஷம், நக்கினால் உயிருக்கே ஆபத்து.

சரி, பொருத்தத்துக்கு வருவோம். முகம் வட்டமா, சதுரமா, முட்டை வடிவமா என்று பட்டியல் போட்டு, இன்னின்ன முகத்துக்கு இன்னின்ன மீசை என்று படம் போட்டிருப்பார்கள். நான் அதை முதலில் பார்ப்பதே இல்லை. முதலில் பார்ப்பது முடி. நான்கிலிருந்து ஆறு வாரம் பிளேடு, கத்தரி, ட்ரிம்மர் எதுவும் படாமல் மீசையை விடுங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதற்கப்புறம்தான் எங்கே அடர்த்தி, எங்கே ஓட்டை, எந்தப் பக்கத்து முடி எந்தத் திசையில் படுக்கிறது என்பது தெரியும். மூக்குக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தில் நிறையப் பேருக்கு முடி குறைவு. அவர்களுக்கு நடுவில் மெல்லிசாகப் பிரித்துவிட்ட மீசை அழகாக இருக்கும், கட்டை மீசை கேட்டால் நடுவில் ஓட்டைதான் தெரியும். முதல் மூன்று வாரம் பார்க்கச் சகிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் அந்த மூன்றாவது வாரத்தில்தான் கண்ணாடியைப் பார்த்துப் பயந்துபோய் எடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பது. ஆள்காட்டி விரலை அங்கே படுக்கவைத்துப் பாருங்கள். விரலுக்கு மேலேயும் தோல் தெரிந்தால் உங்களுக்கு இடம் தாராளம். அடர்த்தியான மீசை தாங்கும். மெல்லிய கோடு மாதிரி வைத்தால் அந்த இடைவெளிதான் இன்னும் நீளமாகத் தெரியும். விரல் மூக்கையும் உதட்டையும் சேர்ந்து முட்டினால் கட்டை மீசை வேண்டாம், மூக்கிலிருந்து முடி வழிகிற மாதிரி இருக்கும். உதட்டை ஒட்டி மெலிசாக வையுங்கள். பழைய ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிள் வைத்திருந்தாரே, அந்தப் பென்சில் மீசை இவர்களுக்குச் சொல்லி வைத்த மாதிரி பொருந்தும். மூக்கு பெரிதென்று கவலைப்படுகிறவர்கள் மட்டும் பென்சில் மீசைப் பக்கம் போகவே கூடாது. மெல்லிய கோட்டுக்கு மேலே பெரிய மூக்கு இன்னும் பெரிதாகத்தான் தெரியும். கொஞ்சம் கனமான மீசை வைத்தால் மூக்கு அடங்கிவிடும்.

அப்புறம் வாயோரம். சிலருக்குச் சும்மா இருக்கும்போதே வாயின் ஓரங்கள் லேசாகக் கீழே சாய்ந்திருக்கும். அவர்கள் மீசை நுனியைத் தொங்கவிட்டால் இருபத்துநாலு மணி நேரமும் துக்கம் விசாரிக்கப் போகிறவர் மாதிரி தெரிவார்கள். வாயோரத்துக்குச் சற்று முன்பாகவே நிறுத்திவிட வேண்டும், அல்லது நுனியை மேலே தூக்கிவிட வேண்டும். முகத்தின் வடிவம் இதற்கெல்லாம் பிறகுதான். நீள முகத்துக்குப் பக்கவாட்டில் போகிற மீசை, உருண்டை முகத்துக்கு ஓரத்தில் கொஞ்சம் கீழிறங்குகிற மீசை. அதற்கு மேல் அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

கடைசியில் பல் தெரியச் சிரித்துப் பாருங்கள். மீசையைப் பொருத்தம் பார்க்கிற எல்லாரும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். நாள் முழுக்க அப்படியேவா இருக்கப்போகிறீர்கள்? சிரிக்கும்போது மேலுதடு மேலே ஏறும், மீசை அகலமாகும், நுனி கன்னத்துக்குப் போகும். சிரித்தால் கெட்டுப்போகிற மீசை உங்களுக்கான மீசை இல்லை.

மீசை எல்லாருக்கும் கட்டாயமும் இல்லை. 1916 அக்டோபர் வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் மேலுதட்டை ஷேவ் செய்யக் கூடாது என்று விதியே இருந்தது. விதிக்காக வளர்த்த அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேருக்கு அது பொருந்தியிருக்குமோ! உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. சிலருக்கு மழித்த முகம்தான் அழகு. அதைச் சொன்னால் ஏனோ கோபம் வருகிறது.

அடுத்த கோஷ்டி, வீட்டில் தானே வெட்டிக்கொள்கிறவர்கள். சமீபத்தில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். பல்வலி என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்தார். மூக்குக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு சதுரம் மட்டும் மிச்சம். இடது பக்கம் கொஞ்சம் நீளமாகத் தெரிந்ததாம், குறைத்தார். இப்போது வலது பக்கம் நீளம், அதைக் குறைத்தார். திரும்ப இடது. இப்படியே குரங்கு அப்பம் பங்கு போட்ட கதையாகிவிட்டது. அந்தச் சின்ன மீசையை 1914-ல் திரைக்குக் கொண்டுவந்த சாப்ளினுக்கே அது ஒட்டு மீசைதான். முகபாவத்தை மறைக்காமல் வயதைக் கூட்டிக் காட்டச் சின்னதாக வைத்தார், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார். இவரால் கழற்ற முடியாது. பார்ப்பவர்களுக்குச் சாப்ளின் ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை, வருவது இன்னொருவருடைய ஞாபகம். முழுதாக எடுத்துவிட்டு அனுப்பினேன்.

எந்த மனிதனின் முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. மூக்கு ஒரு நூல் சாய்ந்திருக்கும், உதடு ஒரு பக்கம் ஏறியிருக்கும். மூக்கைப் பார்த்து வெட்டினால் உதட்டுக்குக் கோணல், உதட்டைப் பார்த்து வெட்டினால் மூக்குக்குக் கோணல். நாங்கள் உதட்டைத்தான் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் பேசும்போது எல்லாரும் பார்ப்பது வாயை. காய்ந்த முடியில்தான் வெட்ட வேண்டும். ஈர முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும், நீங்கள் நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும். நுண்ணிய பல் சீப்பால் கீழ்நோக்கிச் சீவிவிட்டு, உதட்டை இழுக்காமல், சும்மா மூடிய வாயோடு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்னக் கத்தரியால் நறுக்குங்கள். ட்ரிம்மர் வேண்டாம், கை ஒரு தடவை நழுவினால் ஆறு வாரம் போச்சு. ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரிந்தால் கத்தரியைக் கீழே வையுங்கள். நாளைக்குப் பாருங்கள். பாதி நாள் அந்த வித்தியாசம் இருக்காது, தூங்கி எழுந்த முகத்தின் வீக்கம்தான் அப்படிக் காட்டியிருக்கும்.

ஓட்டையை மறைக்க மை அடிக்கிறவர்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். கறுப்பு ஹேர் டை பலவற்றில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மேலுதடு வீங்கி, நீர் கோத்து, தோல் உரிந்துவிடும். இரண்டு பக்கமும் உதடு உருளைபோல் தொங்க, பேச முடியாமல் சைகையில் கேட்ட ஒருவரை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ ஒரு துளி தடவி 48 மணி நேரம் பொறுங்கள். அரிப்பு, சிவப்பு எதுவும் இல்லை என்றால் அப்புறம் மீசைக்குப் போகலாம். பத்து வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை என்று சொல்லாதீர்கள். பதினோராவது வருடத்தில்கூட ஒவ்வாமை வரலாம். கறுப்பு மருதாணி என்று கையில் வரைந்து கொப்புளம் கண்டவர்கள் இந்த டையைத் தொடவே வேண்டாம், அதிலும் அதே சரக்குதான். கண்ணோ உதடோ வீங்கினாலும் மூச்சு இழுத்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓடுங்கள்.

மூக்குக்குக் கீழே வரும் பருவை, உள்ளே சுருண்ட முடியைக் கிள்ளிப் பிதுக்காதீர்கள். மூக்கிலிருந்து வாயின் இரண்டு ஓரம் வரைக்குமான முக்கோணத்தில் இருக்கும் ரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கம் தொடர்பு உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் அங்கே கிருமி ஏறினால் விளையாட்டில்லை. காசு மாதிரி வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் மீசை திடீரென்று கொட்டினால் அது என் வேலை இல்லை, தோல் டாக்டரின் வேலை.

கடையில் உட்காருமுன் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கண் முன்னால் உறையைப் பிரிக்கட்டும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாங்கும், கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு போதும். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள். என் தொழில்காரர்களில் சிலருக்கு இதை எழுதுவது பிடிக்காது, தெரியும்.

இன்னும் ஒன்று, மெதுவாகச் சொல்ல வேண்டியது. பிறவியில் உதடு பிளந்து தைத்துக்கொண்டவர்கள், அடிபட்ட தழும்பு உள்ளவர்கள் சிலர் தயங்கித் தயங்கி வருவார்கள். தழும்பில் முடி முளைக்காது. ஆனால் அதன் பக்கத்தில் இருக்கிற முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டுக் குறுக்கே சீவிவிட்டால் நன்றாகவே படியும். அதற்கு நேரம் எடுக்கும், அவசரம் இல்லாத நாளில் வாருங்கள். மறைக்க வேண்டாம் என்று நினைத்தாலும் நல்லதுதான்.

அந்தப் பையனை டாக்டரிடம் அனுப்பினேன். களிம்பு கொடுத்திருக்கிறார்கள், புண் ஆறிவிட்டதாம். ஆறு வாரம் கெடு வைத்திருக்கிறேன், இன்னும் மூன்று வாரம் பாக்கி. நேற்று போனில் ஒரு படம் அனுப்பினான், இந்த முறை அவன் படம். இரண்டு ஓரத்திலும் அரும்பு, நடுவில் வெறும் பள்ளம். "அண்ணா கேவலமா இருக்கு, எடுத்துடவா?" என்று கேட்டிருந்தான். எடுத்துவிட்டு வந்தால் கடைக்குள் விடமாட்டேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.